பெற்றோர் தங்கக் கூடாது

யாருக்கும் தெரியாமல் வந்து, யாருக்கும் தெரியாமல் எட்டிப் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் போய்விடுவதுதான் ரஹ்மத்துல்லாவின் திட்டம். அதற்காக வேனைப் பின்பக்கமாக எடுத்துப் பள்ளிக்கூடத்து மாமரத்தடியில் ஒதுக்கினார். அப்போது பொரித்த அப்பளக் கூடைமேல் ஆள் உட்கார்ந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. என்னமோ ஏதோ என்று பதறி முன்னால் எடுத்தார். அதே சத்தம் இன்னொரு தரம் கேட்டது.

இறங்கிப் பார்த்தால் ஒரு அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் சின்லோன் பந்துகள். பிரம்பில் பின்னி, காலால் தட்டி விளையாடுகிற பந்து. மூன்று நாள் முகாமுக்கென்று யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்தனுப்பியவை. காலையில் உருண்டையாக இருந்தவை இப்போது சப்பாத்தியாக இருந்தன.

தலையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம் முழுக்கப் பிள்ளைகள். மொட்டைத் தலையில் துணித் தொப்பி, மூக்கை மூடிய மாஸ்க், இரண்டுக்கும் நடுவில் கண்கள். அத்தனை கண்களும் அவரைத்தான் பார்த்தன.

வேறு மனிதராக இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார். ரஹ்மத்துல்லாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நசுங்கிய பந்து ஒன்றை எடுத்துத் தலையில் தொப்பி மாதிரி வைத்து, கையை மார்பில் சேர்த்து, குனிந்து ஒரு சலாம் போட்டார். தாழ்வாரமே அதிர்ந்தது. ஒரு பொடியன் தூணைக் கட்டிக்கொண்டு சிரித்தான்.

ஒரே ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. இந்த ஆளை முன்னேபின்னே பார்த்ததில்லை என்பதுபோல மாமரத்து உச்சியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவள்தான் ஹாஜரா. ரஹ்மத்துல்லாவின் மகள்.

யாங்கோன் நகரத்துத் தாமுவேப் பேட்டையில் மெத்தை, தலையணைக் கடை வைத்திருப்பவர் ரஹ்மத்துல்லா. ஒரு பேட்டைக்கே தூக்கத்தை விற்கிற மனுஷன், தான் ஒழுங்காகத் தூங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஹாஜராவுக்கு ஒன்பது வயதில் ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து அவருக்குக் கடை பாதி, ஆஸ்பத்திரி பாதி. ராத்திரிகளில் அவர் மனைவி சஜிதாவும் அவரும் முறை வைத்து, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த ஒரு முழ இடத்தில் முடங்கிக் கிடந்தார்கள். கரண்ட் போனால் விசிறிவிடுவது, ஜெனரேட்டர் வந்தால் விசிறியைக் கீழே வைப்பது, மறுபடி கரண்ட் போவது. இதற்கு நடுவில் பகிடி பேசுவதும் அவர் வேலை. வார்டில் எந்தப் பிள்ளை அழுதாலும் நர்ஸ்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மருந்து ஏறும்போது, வாந்தி எடுக்கும்போது, முடி கொத்தாகத் தலையணையில் ஒட்டிக்கொண்டபோதுகூட அவர் ஏதாவது சொன்னார். ஹாஜராவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் மறுநாள் எழுந்தார்.

அடுத்த கட்ட மருந்துக்கு முன்னால் கொஞ்ச நாள் இடைவெளி. அதற்கப்புறம் எப்படி என்று டாக்டரைக் கேட்டால் "பார்க்கலாம்" என்றார். இந்த நேரத்தில்தான் நகரத்துக்கு வெளியே, கியாக்தானில் ஒரு முகாம் என்று வந்தது. கோடை விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தில், ஆற்றங்கரையில், நோயாளிப் பிள்ளைகள் மூன்று நாள் விளையாடலாம். டாக்டர் ஒருவர், நர்ஸ்கள், மருந்து எல்லாம் கூடவே வரும். விதி ஒன்றுதான்: பெற்றோர் தங்கக் கூடாது.

பிள்ளைகளின் பஸ் தாமுவேயிலிருந்து கிளம்பியபோது ரஹ்மத்துல்லா கையாட்டினார். பஸ் மூலை திரும்பியது. அடுத்த நிமிஷம் வேனில் ஏறிப் பின்னாலேயே வந்துவிட்டார்.

"ஊ ரஹ்மத்!" என்று பர்மிய மரியாதையோடு கூப்பிட்டபடி தாழ்வாரத்திலிருந்து இறங்கி வந்தார் முகாமை நடத்தும் டாவ் கின் ஏ. ஓய்வுபெற்ற டீச்சர், வெள்ளைக் கொண்டை. சொந்தப் பேரனை இதே நோய்க்குப் பறிகொடுத்தவர். எல்லாருக்கும் அவர் சயாமா, டீச்சரம்மா. நசுங்கிய பந்துகளைப் பார்த்தார், சிரித்தார். "யபாதே, யபாதே, பரவாயில்லை. என்ன இவ்வளவு தூரம்?"

"ஹாஜரா தலையணையை மறந்துட்டுப் போயிட்டா, சயாமா" என்று வேனிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

பின்னால் நின்ற நர்ஸ் சாந்தி தமிழில் சொன்னாள், "பாய், உங்க மக ஏற்கெனவே ரெண்டு தலகாணி கொண்டாந்துருக்கு. ஊருக்கெல்லாம் வாடகைக்கு விடலாம்."

"இது மூணாவது. விருந்தாளி வந்தா வேணும்ல?"

"விருந்தாளி வந்தாச்சுன்னுதான் தெரியுதே."

சாந்தியும் தாமுவேக்காரிதான். பாட்டன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வார்டில் ரஹ்மத்துல்லாவின் வாய்க்கு வாய் கொடுக்கிற ஒரே ஆள். ஆனால் அவளும் 'போங்க' என்று சொல்லவில்லை. டாவ் கின் ஏயோ ஒருபடி மேலே போனார். "வெயிலில் வந்திருக்கிறீர்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும்."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாங்கோனில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 'ஆனாதே' என்று ஒரு நோய் உண்டு. எதிராளியின் மனசு நோகுமே என்று இல்லை என்பதை இல்லை என்று சொல்லமாட்டார்கள். 'சாப்பிட்டுவிட்டுப் போங்கள்' என்றால் 'போங்கள்' என்பதுதான் அதில் சாரம். கேட்பவர், 'இல்லை, இன்னொரு நாள்' என்று சொல்லிக் கிளம்ப வேண்டும். அப்போது இரண்டு பேருக்கும் மரியாதை. மூன்று தலைமுறையாக இந்த ஊர்த் தண்ணீர் குடிக்கிற குடும்பம், ரஹ்மத்துல்லாவுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னார், "நீங்க இவ்வளவு சொல்லும்போது மறுக்க முடியுமா, சயாமா?"

டாவ் கின் ஏயின் சிரிப்பு கொஞ்சம் தடுமாறி, மறுபடி நிமிர்ந்து நின்றது.

சாப்பாட்டுக்கு முன் கியாக்தான் கடைத்தெருவுக்குப் போய் புதுப் பந்துகள் வாங்கி வந்தார். வாங்கி வந்தவர் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். பந்துக்குக் காற்றடிக்க வேண்டாமா என்று ஒரு நொண்டிச் சாக்கைத் தேடினார். பிரம்புப் பந்துக்கு ஏது காற்று என்று அவருக்கே சிரிப்பு வந்தது. கடைசியில் ஒரு சாக்கும் இல்லாமலே இருந்துவிட்டார்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டி வந்தார்கள். ஊசி கழற்றிய சிரிஞ்சுகள், பெரிய அளவு, ஆளுக்கு ஒன்று. வாளிகளில் மஞ்சளும் சிவப்புமாகச் சாயத் தண்ணீர். இரண்டு மரத்துக்கு நடுவே பழைய பெட்ஷீட் கட்டி, அதன் முன்னால் சாந்தியையும் முகாமோடு வந்திருந்த இளம் டாக்டரையும் நிறுத்தினார்கள்.

விளையாட்டு புரிய ரஹ்மத்துல்லாவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"கையை நீட்டுங்க நர்ஸம்மா" என்று பிள்ளைகள் கூட்டமாகப் பர்மியத்தில் கத்தினார்கள். சாந்தி நடுங்குகிற மாதிரி கையை நீட்டினாள். "வலிக்குமா?" என்றாள்.

"வலிக்காது! எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்!"

வார்டில் தினமும் அவர்களுக்குச் சொல்லப்படுகிற அதே பொய். சொல்லி முடித்ததும் அத்தனை சிரிஞ்சுகளும் ஒன்றாகப் பீய்ச்சின. சாந்தி அலறினாள், ஓடினாள், வழுக்கி விழுந்தாள். டாக்டர் பெட்ஷீட்டுக்குப் பின்னால் ஒளியப் போனார், கால் தெரிந்தது, காலில் போட்டார்கள்.

ஹாஜரா முன்வரிசையில் நின்றாள். நரம்பு தேடுகிற நர்ஸ் மாதிரியே கண்ணைச் சுருக்கி, டாக்டரின் முழங்கையை இரண்டு விரலால் தட்டிப் பார்த்தாள். "நரம்பே கிடைக்கலையே. தண்ணி நிறையக் குடிக்கச் சொன்னேனா இல்லையா?" என்று அதட்டிவிட்டு, நேராக அவர் மூக்கிலேயே அடித்தாள்.

அப்புறம் சிரித்தாள்.

ரஹ்மத்துல்லா கேட்டிராத சிரிப்பு அது. பன்றி உறுமுகிற மாதிரி மூக்கால் ஒரு இழுப்பு, அதன்மேல் விக்கல், விக்கலை அடக்கப்போய் இன்னொரு இழுப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாஸ்க் தாடைக்கு இறங்கியிருந்தது. எவ்வளவு அசிங்கமான சிரிப்பு! இரண்டு வருஷமாக அவர் மகளின் சிரிப்பு என்று எதை நம்பியிருந்தாரோ, அது அளவாக, அழகாக, மூன்று 'ஹி' போட்டு முடியும்.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கூட்டம் சிரிக்கும்போது சும்மா இருக்கிற உடம்பா அது? சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். "டாக்டரம்மா, எனக்கும் ஒரு ஊசி போடுங்க. வீட்டுல சோறு போட மாட்டேங்குறாங்க, ஊசியாவது கிடைக்கட்டும்!"

பிள்ளைகள் ஹோவென்றார்கள். ஹாஜரா நிமிர்ந்தாள். "ஹி ஹி ஹி" என்றாள். மூன்று. அப்புறம் மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டு, சிரிஞ்சை வாளியில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் வந்தாள்.

"வாப்பா, மாத்திரை போட்டீங்களா? பிரஷர் மாத்திரை?"

"போட்டேன் போட்டேன். நீ போய் விளையாடு."

"கொஞ்சம் உக்காருறேன்."

அவர் பழக்கதோஷத்தில் புறங்கையை அவள் கழுத்தில் வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. இருந்தாலும், "நிழல்ல உக்காரும்மா, ஈரத்துல நிக்காதே" என்றார். உட்கார்ந்தாள். முற்றத்தில் மற்றவர்கள் சாந்தியைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். தகப்பனும் மகளும் படியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காருகிற மாதிரியே, எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு என்னவோ உறைத்தது. உறைத்ததை உள்ளே வர விடவில்லை. மனுஷனுக்கு அவ்வளவு அசதி. ஒரு விஷயம் உள்ளே வந்தால் அதற்கு நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டுமே.

இருந்தாலும் ஊர் முழுக்கக் கேட்டுப் பார்த்தார். டாவ் கின் ஏயிடம், "சயாமா, நான் இருக்கிறது தொந்தரவா இருக்கா?" என்றார்.

"உங்களுக்குத்தான் சிரமம். கடையை யார் பார்க்கிறார்கள்?"

"தம்பி பார்த்துக்குவான்."

"ஓ. நல்ல தம்பி" என்றார் அந்த அம்மாள்.

சஜிதாவுக்குப் போன் போட்டார். வெகுநேரம் அடித்தபிறகு கரகரத்த குரலில் எடுத்தாள். தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். சாயங்கால வேளையில், பட்டப் பகல் மாதிரி வெளிச்சம் இருக்கும்போது!

"கியாக்தான்ல இருக்கேன்."

"தெரியும். பஸ் போன கையோட வேனையும் காணோம். எங்க போயிருப்பீங்க, மக்காவுக்கா?"

"இருக்கவா, வரவா?"

"எனக்கென்ன, நீங்க இல்லைன்னா கட்டில் அகலமா இருக்கு." கொட்டாவி ஒன்று நீளமாக வந்தது. "புள்ள என்ன சொல்லுறா?"

"கேக்கல."

"ஊரையெல்லாம் கேப்பீங்க" என்று சொல்லும்போதே லைன் போய்விட்டது. போனதா, அவளே வைத்தாளா என்று தெரியவில்லை.

சாந்தி ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவளையும் விடவில்லை. "நீயாவது உள்ளதச் சொல்லு சாந்தி. நான் இருக்கலாமா?"

"நான் சொன்னா கேப்பீங்களா பாய்?"

"மாட்டேன்."

"அப்ப என் வாயை ஏன் கிண்டுறீங்க? யாருக்காக வந்தீங்களோ அவகிட்டக் கேளுங்க."

அன்று இரவு வேனில், விற்க வைத்திருந்த தலையணைகளுக்கு நடுவே படுத்தார். கொசு தின்றதுபோக மிச்சமிருந்தவர் காலையில் எழுந்தார். கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட மொஹிங்கா ஊற்றிக்கொடுத்தார்கள். கழுத்தைத் திருப்ப முடியாமல் கிண்ணத்தையே தன் பக்கம் திருப்பிக் குடித்தார். பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு வேடிக்கை.

பத்து மணிக்குப் படகு. ஆற்றுக்கு நடுவில் தீவு போல ஒரு பகோடா, புத்தர் கோயில், இருக்கிறது. அதைச் சுற்றி வந்து, அங்கே மிதக்கிற பெரிய கெளுத்தி மீன்களுக்குத் தீனி போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் நேற்றிலிருந்தே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வார்டு ஜன்னலைவிட அகலமான தண்ணீரை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? எல்லாருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். ஹாஜராவும் மாட்டியிருந்தாள். மொஹிங்காவோடு தந்த பஜ்ஜியில் பாதியைக் காகிதத்தில் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள், மீனுக்கு.

ரஹ்மத்துல்லா ஆற்றைப் பார்த்தார். காப்பித் தண்ணீர் மாதிரி கலங்கிப் போய்க்கொண்டிருந்தது. காற்று வேறு. அவருக்கு நீச்சல் தெரியாது. ஒரு படகைப் பார்த்தால் அதன் ஓட்டைகள் மட்டும்தான் கண்ணில் படும். இந்தக் காற்றில் சளி பிடித்தால்? சளி காய்ச்சலானால்? காய்ச்சலானால் அடுத்த மருந்து தள்ளிப்போகும், தள்ளிப்போனால்...

"ஊ ரஹ்மத்தும் வாருங்களேன்" என்றார் டாவ் கின் ஏ. "இடம் இருக்கிறது." இடம் இல்லை. சயாமா சொன்னதும் சாந்தி சத்தமில்லாமல் தன் மிதவைச் சட்டையைக் கழற்ற ஆரம்பித்ததை ரஹ்மத்துல்லா பார்த்தார்.

"இல்ல சயாமா, தண்ணின்னா எனக்கு ஆகாது. நான் கரையிலேயே இருக்கேன்" என்றவர், மகளைப் பார்த்தார். "நீ போகணுமாம்மா? காத்து அடிக்குது. உன் இஷ்டம்தான். போறதுன்னா போ. வாப்பா இங்கதான் உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பேன்."

ஹாஜரா அவர் முகத்தை ஒரு நொடி பார்த்தாள்.

"வேணாம் வாப்பா. எனக்கும் அசதியாதான் இருக்கு. நான் உங்களோட இருக்கேன்."

அல்லாவே, அந்த ஒரு நிமிஷம் அவருக்கு எவ்வளவு சந்தோஷம்! மகளை வெல்லக்கட்டியைப் பொத்துவது போல் பொத்திக்கொள்ளலாம். மற்றப் பிள்ளைகள் பலகைமேல் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒரு பெண் திரும்பி, "ஹாஜரா, லா! வா!" என்று கூப்பிட்டது. ஹாஜரா கையை மட்டும் அசைத்தாள்.

அவள் மிதவைச் சட்டையின் கொக்கிகளைக் கழற்றினாள். மேல் கொக்கி. நிதானமாக. அடுத்த கொக்கியில் கை நின்றது. கழற்ற வராத கொக்கி இல்லை அது, கழற்ற மனசில்லாத கை. ரஹ்மத்துல்லா கீழே பார்த்தார். செருப்புக்குள் அவள் கால்விரல்கள் தரையை இறுகப் பிடித்திருந்தன. ஓடத் தயாராக இருக்கிற பிள்ளையைப் பிடித்து நிறுத்தினால் விரல் அப்படித்தான் இருக்கும்.

நேற்று படியில் உறைத்தது இப்போது அனுமதி கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஹாஜரா."

"ம்."

"நேத்து டாக்டர் மூக்குல அடிச்சியே, அப்ப ஒரு சிரிப்புச் சிரிச்சே."

"ஹி ஹி ஹி. ஆமா வாப்பா. நீங்ககூட ஊசி கேட்டீங்க, நல்லா இருந்துச்சு."

"இது இல்ல. அந்தச் சிரிப்பு."

அவள் காகிதச் சுருளைப் பார்த்தாள். எண்ணெய் ஊறி வெளியே வந்திருந்தது.

"நான் இங்க இருக்கிறது உனக்குப் புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கு வாப்பா. நீங்க சாப்பிட்டீங்களா?"

"நீ என் மக, சயாமா இல்ல. எங்கிட்ட எதுக்கு ஆனாதே? நான் இப்பப் பகிடி பேசல. மூஞ்சியப் பாரு, பகிடி பேசுற மூஞ்சியா இது?"

பார்த்தாள். கழுத்து பிடித்து ஒருபக்கம் சாய்ந்த, கொசு கடித்து வீங்கிய, இரண்டு வருஷத்துத் தூக்கம் பாக்கியிருக்கிற முகம். பகிடி பேசாமல்கூடச் சிரிப்பு வரும் முகம்தான். ஆனால் அவள் சிரிக்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அவருக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்குத் தெரியும்.

படகுக்காரன் மோட்டாரை இழுத்தான். முதல் இழுப்பில் கிளம்பவில்லை.

அவள் தோழிகளோடு பேசுவது பர்மியத்தில். பர்மியத்தில்தான் வேகமாக வரும். இதைத் தமிழில் சொன்னாள், நிறுத்தி நிறுத்தி, பக்கத்தில் நின்றவர்களுக்குப் புரியக் கூடாது என்பதுபோல.

"நீங்க பகிடி சொன்னா நான் சிரிக்கணும் வாப்பா. சிரிக்கலன்னா உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். அதனால சிரிக்கிறேன். ஆஸ்பத்திரில பரவால்ல, அங்க எனக்கு வேற வேலையே கிடையாது. இங்க இருக்கு." கழற்றிய கொக்கியை மறுபடி மாட்டினாள். "நீங்க இருந்தா உங்களையே பாத்துக்கிட்டு இருக்கணும், நீங்க பயப்படுறீங்களான்னு. நீங்க இங்க இருக்கிறது எனக்குப் புடிக்கல. வீட்டுக்குப் போங்க. நாளைக்கு முகாம் முடியும்போது வாங்க. சாயங்காலமா வாங்க."